பென் ஹோகனை ஆளாக்கியது அந்தப் பேருந்து விபத்தா?

கேடிப்பையன்:

கோல்ஃப் ஆட்டக்காரர் பென் ஹோகன் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் நேராக அந்தப் பேருந்தில் போய்த்தான் முட்டிக்கொள்கிறோம். 1949 பிப்ரவரி 2, டெக்சாஸில் வான் ஹார்ன் பக்கம் மூடுபனி. லாரியை முந்தப் பார்த்த கிரேஹவுண்ட் பேருந்து எதிரே வந்த இவருடைய காரில் மோதியது. மனைவி வேலரியைக் காப்பாற்ற அவர்மேல் குறுக்கே பாய்ந்தார். அந்தப் பாய்ச்சல் இவரையும் காப்பாற்றியது, ஏனென்றால் ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. இடுப்பெலும்பு, காறையெலும்பு, கணுக்கால், விலா என்று ஒன்றும் பாக்கியில்லை. பதினாறு மாதம் கழித்து வந்து அமெரிக்க ஓப்பனை வென்றார். எல்லோரும் கைதட்டுகிறோம், கதை முடிந்துவிடுகிறது.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவருடைய தொழில் வாழ்க்கையின் பெரிய பகுதியை மறைத்துவிட்டோம் என்பது என் கட்சி. அவர் வென்ற 64 பிஜிஏ (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சுற்று) போட்டிகளில் 50க்கும் மேல் விபத்துக்கு முன்பே வந்துவிட்டவை. 1948 அமெரிக்க ஓப்பனில் ரிவியேராவில் நான்கு சுற்றுக்கும் சேர்த்து 276 அடித்தார் (கோல்ஃபில் குறைந்த அடிதான் வெற்றி). அதுவரை அந்தப் போட்டியில் யாரும் அவ்வளவு குறைவாக அடித்ததில்லை. விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால் டைம் இதழின் அட்டையில் அவர் முகம் வந்திருந்தது. பேருந்து மோதியது அறியாத ஓர் ஆட்டக்காரர்மேல் இல்லை, உலகின் முதல்நிலை ஆட்டக்காரர்மேல்.

அதற்கு முந்தைய பதினைந்து வருடத்தைப் பற்றிப் பேச யாராவது இருக்கிறீர்களா?


மணல்குழி:

பேசலாம். ஆனால் எண்ணை வைத்து வாதம் செய்தால் அது உங்கள் காலிலேயே விழும். மொத்த வெற்றி என்றால் சாம் ஸ்னீட் 82. பைரன் நெல்சன் 1945இல் ஒரே வருடத்தில் 18, அதில் தொடர்ச்சியாக 11. அந்தக் கணக்கில் ஹோகன் முதல் ஆள் இல்லை. அவரைத் தனியாக நிறுத்துவது ஒன்பது மேஜர் (மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன், பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற நான்கு பெரிய போட்டிகளில் வெற்றி). அதில் ஆறு விபத்துக்குப் பிறகு, வீங்கிய கால்களோடு, வருடத்துக்கு நாலைந்து போட்டி மட்டும் ஆடி வந்தவை. 1953இல் ஆறு போட்டி ஆடி ஐந்தில் வென்றார். விபத்தை எடுத்துவிட்டால் நெல்சன், ஸ்னீட் வரிசையில் இன்னொரு பெயர், அவ்வளவுதான்.


மூன்று பட்:

வந்ததும் வராததுமாகச் சண்டையா? சரி, நடக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம் மட்டும்: மேஜர் ஒன்பதா பத்தா என்பதே தீராத வழக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.


கேடிப்பையன்:

மணல்குழி சார், அந்த ஆறும் எங்கிருந்து வந்தன என்றுதான் கேட்கிறேன். முதலிலிருந்து பார்ப்போம்.

1912இல் டெக்சாஸ் ஸ்டீபன்வில்லில் பிறந்தார். அப்பா செஸ்டர் ஒரு கொல்லர். 1922இல் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தபோது பென்னுக்கு ஒன்பது வயது. அதன்பிறகு ஃபோர்ட் வொர்த்தில் பத்திரிகை விற்கும் பையன், அப்புறம் கிளென் கார்டன் கிளப்பில் கேடி (ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்குபவர்). அதே கிளப்பில் அதே வயதில் இன்னொரு கேடி: பைரன் நெல்சன். 1927 கிறிஸ்துமஸுக்கு கேடிகளுக்கென்று நடந்த போட்டியில் இரண்டு பேரும் சமன். கூடுதலாக ஆடிய குழிகளில் நெல்சன் ஒரே ஒரு அடியில் ஜெயித்தார். பிறகு கிளப்பின் இளையோர் உறுப்பினர் இடம் நெல்சனுக்குப் போனது. ஹோகன் வேறு மைதானம் தேடிக்கொண்டார்.

17 வயதில், 1930இல், தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதன்பிறகு நடந்ததைத்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. சுற்றுப்பயணம் போவார், காசு தீரும், ஊருக்குத் திரும்புவார். கிடைத்த வேலையைச் செய்து கொஞ்சம் சேர்ப்பார், மறுபடி போவார். 1935இல் வேலரியைக் கல்யாணம் செய்தார். அதன்பின் இரண்டு பேரும் சேர்ந்து காசில்லாமல் அலைந்தார்கள். 1938 ஜனவரியில் ஓக்லண்டில், இந்தப் போட்டியில் பணம் வராவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடுவது என்கிற நிலைமை. ஒருநாள் காலை வெளியே வந்தால் காரின் பின்சக்கரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கார் கற்கள்மேல் நிற்கிறது. வேறொருவர் காரில் தொற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய் ஆடினார். அடுத்த ஊருக்குப் போகும் அளவுக்குப் பரிசுப் பணம் கிடைத்தது. தன் வாழ்க்கையிலேயே பெரிய காசோலை அதுதான் என்று பின்னாளிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தனி ஆளாக முதல் வெற்றி 1940இல், பைன்ஹர்ஸ்ட்டில், நார்த் அண்ட் சவுத் ஓப்பன். பத்து வருடம் ஆனது! அடுத்த சில நாட்களிலேயே கிரீன்ஸ்பரோ, ஆஷ்வில் என்று மேலும் இரண்டு.

பத்து வருடம் தோற்றவர் பத்தே நாளில் மூன்று போட்டி வென்றால் இடையில் ஏதோ சரியாகியிருக்கிறது. அந்த 'ஏதோ'தான் எனக்கு விபத்தைவிடச் சுவாரசியமானது.


புதுக்கிரிப்:

நான் இப்போதுதான் ஆடக் கற்றுக்கொள்கிறேன். அந்த 'ஏதோ' என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஹோகனின் ரகசியம் என்று இணையம் முழுக்க ஆளுக்கொரு காணொளி போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?


பார் எழுபது:

புதுக்கிரிப், நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ஹோகனின் வியாதி ஹூக். வலது கைக்காரர் அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து, தாழ்ந்து, விழுந்தபிறகும் ஓடிப் புதருக்குள் போகும். சின்ன உடம்பு, வேகமான இடுப்பு, பலமான பிடி. தூரம் வேண்டுமென்று இளவயதில் பழகியது. நல்ல நாளில் எல்லோரையும் தாண்டி அடிப்பார். நெருக்கடி வந்தால் பந்து இடது பக்கம் ஓடிவிடும்.

அவர் செய்த மாற்றங்களை 1955இல் லைஃப் இதழில் அவரே சொன்னார். 1946இல் சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்து முடிவெடுத்ததாகச் சொல்கிறார். சுருக்கம் இதுதான்: இடது கைப் பிடியைத் தளர்வான பக்கம் திருப்பினார், கட்டை விரல் தண்டின் நடுவுக்கு வந்தது. பின்னோக்கிப் போகும்போது முன்கையைத் திருப்பினார். உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக லேசாக மடக்கினார். மூன்றும் சேர்ந்தால் மட்டையின் முகம் திறந்துகொள்கிறது. அதன்பிறகு எவ்வளவு பலமாக அடித்தாலும் முகம் சீக்கிரம் மூடாது. பந்து உயரப் போய், கடைசியில் லேசாக வலப்பக்கம் சாய்ந்து மெத்தென்று இறங்கும். கடினமான கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) நிற்கிற பந்து அது.

ஆபத்து எங்கே என்றால், புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே பந்து வலப்பக்கம்தான் வளைகிறது. ஹூக்குக்கு அவர் எழுதிக்கொண்ட மருந்தை ஸ்லைஸ்காரர் குடித்தால் என்ன ஆகும்? 1957இல் வந்த அவருடைய பாடநூல் உலகத்துக்கே ஸ்விங் (மட்டை வீச்சு) கற்றுக்கொடுத்தது, கூடவே நிறைய பேருக்கு ஸ்லைஸையும் கற்றுக்கொடுத்தது. அந்தப் பிடியைப் பற்றிய பக்கங்களைப் படிக்கும்போது எழுதியவர் யாருக்குப் பயந்து எழுதியிருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். அவர் பயந்தது இடப்பக்கத்துக்கு.

நிற்கும் முறை, இடுப்பு தொடங்கும் வரிசை, கண்ணாடித் தகடு சாய்த்து வைத்தது போன்ற ஸ்விங் தளம் ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.


புதுக்கிரிப்:

அய்யோ, இரண்டு வாரமாக அந்தத் தளர்ந்த பிடியைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். வலப்பக்க வேலிக்கு என்னைத் தெரியும்.


கேடிப்பையன்:

பார் எழுபது சொன்னதோடு தேதியை ஒட்டிப் பாருங்கள். 1946 வரை அவருக்கு மேஜர் ஒன்றுகூட இல்லை. பணப்பட்டியலில் 1940, 41, 42 மூன்று வருடமும் முதலிடம், ஆனால் மேஜர் பூஜ்யம். 1942 மாஸ்டர்ஸ் பிளேஆஃபில் (சமன் ஆனவர்கள் மறுபடி ஆடுவது) 69க்கு 70 என்று யாரிடம் தோற்றார்? அதே கேடிப் பையன் நெல்சனிடம். 1943இல் ராணுவ விமானப் படைக்குப் போய் 1945இல் திரும்பினார். 1946 மாஸ்டர்ஸில் கடைசி கிரீனில் மூன்று பட் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி), ஒரு அடியில் போச்சு. அதே வருட அமெரிக்க ஓப்பனிலும் கடைசி கிரீனில் மூன்று பட், பிளேஆஃப் வாய்ப்பு போச்சு. (நம் நண்பர் பெயர் வைத்துக்கொண்டது இதனால்தானா?)

அப்புறம் ஆகஸ்டில் போர்ட்லண்டில் பிஜிஏ சாம்பியன்ஷிப், இறுதியில் எட் ஆலிவரை 6க்கு 4 என்று (நான்கு குழி பாக்கி இருக்கும்போதே ஆறு குழி முன்னிலை) தோற்கடித்தார். முதல் மேஜர், 34 வயதில். அங்கிருந்து 1953 கார்னூஸ்டி வரை அவர் ஆடிய 16 மேஜர்களில் ஒன்பதை வென்றார். அந்த ஓட்டம் தொடங்கியது 1946இல். 1949இல் இல்லை.


மூன்று பட்:

பெயருக்குக் காரணம் என் பட்டர்தான் (பட் அடிக்கும் மட்டை), ஹோகன் இல்லை.


மணல்குழி:

நல்ல கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் "விபத்து ஒரு இடைவெளி மட்டும்" என்கிற தொனி எனக்கு ஒப்பவில்லை. அது அவர் உடம்பில் என்ன செய்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

எலும்புகள் கூடிவிட்டன. அதற்கப்புறம்தான் உயிருக்கே ஆபத்து வந்தது: காலிலிருந்து ரத்தக்கட்டிகள் நுரையீரலுக்குப் போக ஆரம்பித்தன. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆல்டன் ஆக்ஸ்னர் என்ற அறுவை மருத்துவரை விமானப் படை விமானத்தில் எல் பாசோவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் செய்தது, கீழுடம்பின் ரத்தத்தை இதயத்துக்கு எடுத்துப்போகும் பெருஞ்சிரையையே கட்டிவிட்டார். கட்டி மேலே போகாது, உயிர் பிழைத்தது. ஆனால் கால்களிலிருந்து ரத்தம் திரும்ப அதன்பிறகு சின்னச் சின்னச் சிரைகள்தான் வழி. நடந்தால் வீங்கும், நின்றால் வீங்கும். கோல்ஃபில் நடையும் நிற்பதும் தவிர வேறென்ன இருக்கிறது?

இந்தக் கால்களோடு 1950 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பனுக்கு வந்து ஸ்னீடோடு சமன் செய்தார். பிளேஆஃபில் தோற்றார். ஜூனில் மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன். அந்தக் காலத்தில் அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில் 36 குழி. 1965 வரை அந்த வழக்கம் மாறவில்லை. காலையில் எழுந்து வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, கணுக்காலிலிருந்து தொடை வரை எலாஸ்டிக் துணி சுற்றிக்கொண்டு கிளம்புவார். மதியச் சுற்றில் 12ஆவது டீயில் (குழிக்கு முதல் அடி அடிக்கும் இடம்) அடித்ததும் கால் பூட்டிக்கொண்டது, விழப் பார்த்தார். கையிலிருந்த முன்னிலை கரைந்துகொண்டே வந்தது. 18ஆவது குழிக்கு வரும்போது பார் (குழிக்கு வகுத்த அடிக்கணக்கு) எடுத்தால்தான் சமன்.

ஃபேர்வேயிலிருந்து (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) 1 அயர்ன் என்ற இரும்பு மட்டையை எடுத்தார். ஹை பெஸ்கின் பின்னால் நின்று எடுத்த புகைப்படம் அதுதான்: அடித்து முடித்த நிலை, இரண்டு பக்கமும் கூட்டம், தூரத்தில் கிரீன். பந்து கிரீனில் ஏறியது, இரண்டு பட், பார். மறுநாள் இன்னும் 18 குழி பிளேஆஃப்: ஹோகன் 69, லாயிட் மேங்ரம் 73, ஜார்ஜ் ஃபாசியோ 75.

திறமை 1946இல் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கே, எதற்காக, எத்தனை முறை அதைச் செலவழிப்பது என்பதைக் கால்கள்தான் முடிவு செய்தன. விபத்துக்கு முன்னால் ஊர் ஊராக 13, 10 என்று வென்று தள்ளினார். பிறகு பெரிய போட்டிகளுக்கு மட்டும் வருடம் முழுக்கத் தயாரானார். ஒரு மைதானத்துக்கு முன்கூட்டியே போய், நாள்கணக்கில் அதைப் படித்து, எந்தக் குழியில் எந்தப் பக்கம் பந்து விழ வேண்டும் என்று முடிவெடுத்து ஆடுகிற பழக்கம் உறுதிப்பட்டது அப்போதுதான். மேஜர்களுக்காக மட்டுமே வாழ்வது என்பது இன்றைக்குச் சாதாரணம். அன்றைக்கு அவருக்கு வேறு வழியில்லை.


பார் எழுபது:

அந்தப் பிளேஆஃபில் மேங்ரம் தரப்பையும் சொல்ல வேண்டும். 16ஆவது கிரீனில் பந்தின்மேல் ஒரு பூச்சி உட்கார்ந்தது. பந்தைக் கையில் எடுத்து ஊதிவிட்டு மறுபடி வைத்தார். அன்றைய விதிப்படி இரண்டு அடி தண்டனை. ஒரு அடி பின்தங்கியிருந்தவர் மூன்று அடி பின்னால் போனார். அடுத்த குழியிலேயே ஹோகன் ஒரு மிக நீளமான பட்டைப் போட்டு ஆட்டத்தை முடித்தார். மேங்ரமும் சாதாரண ஆள் இல்லை. போரில் காயம்பட்டுத் திரும்பி 1946 அமெரிக்க ஓப்பனை வென்றவர். ஹோகன் மூன்று பட் போட்டதாகக் கேடிப்பையன் சொன்னாரே, அதே போட்டி.

அந்த 1 அயர்ன் மெரியனிலேயே திருடு போனது. 1980களில் திரும்பக் கிடைத்து, ஹோகனே பார்த்து உறுதி செய்தபின் யுஎஸ்ஜிஏ (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.


மூன்று பட்:

இப்போது என் வழக்கு. 1942இல் போரால் அமெரிக்க ஓப்பன் நடக்கவில்லை. பதிலாக சிகாகோவில் ரிட்ஜ்மூரில் ஹேல் அமெரிக்கா நேஷனல் ஓப்பன் என்று ஒன்று நடந்தது. யுஎஸ்ஜிஏவும் சேர்ந்து நடத்தியது, தகுதிச் சுற்றுகள் வைத்தார்கள், வென்றவருக்குக் கொடுத்த பதக்கமும் ஓப்பன் பதக்கத்தின் சாயல்தான். ஹோகன் இரண்டாவது சுற்றில் 62 அடித்து வென்றார். இதைச் சேர்த்தால் அமெரிக்க ஓப்பன் ஐந்து, மேஜர் பத்து. ஹோகன் தன் கணக்கில் ஐந்து என்றுதான் வைத்திருந்தார்.


மணல்குழி:

62 அடிக்க விட்ட மைதானத்தை அமெரிக்க ஓப்பன் மைதானம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. யுஎஸ்ஜிஏ பட்டியலில் நான்குதான்: 1948, 50, 51, 53. இன்னொரு பக்கம் பாபி ஜோன்ஸும் நிக்லாஸும் நான்கு வென்றவர்கள். அவர்கள் கூடவே இருக்கட்டும், என்ன குறைந்துபோயிற்று?


மூன்று பட்:

பதக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றால் அது என்ன நியாயம்? நிர்வாகம் செய்த குழப்பத்துக்கு ஆடியவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?


கேடிப்பையன்:

இதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் இரண்டு பேரும். நான் 1953க்கு வருகிறேன், ஏனென்றால் மணல்குழி சாரின் வாதத்துக்கும் என் வாதத்துக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது.

ஏப்ரலில் மாஸ்டர்ஸ், 274, அதுவரை இருந்த சாதனையைவிட ஐந்து அடி குறைவு. ஜூனில் ஓக்மாண்ட், ஸ்னீடை ஆறு அடியில் தாண்டி அமெரிக்க ஓப்பன். பிறகு வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக பிரிட்டிஷ் ஓப்பன், கார்னூஸ்டி. முன்கூட்டியே ஸ்காட்லாந்து போய்விட்டார். அங்கே பந்தே வேறு, அமெரிக்கப் பந்தைவிடச் சின்னது. தரை வேறு, காற்று வேறு. நான்கு சுற்று: 73, 71, 70, 68. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் குறைவு. நான்கு அடியில் வெற்றி, பரிசு 500 பவுண்டு. அங்கே ஆறாவது குழியில் பங்கருக்கும் (மணல் பள்ளம்) வேலிக்கும் நடுவே உள்ள குறுகிய ஃபேர்வேயை ஹோகன் சந்து என்று இன்றும் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் அவருக்கு 'வீ ஐஸ் மான்' (சின்ன ஐஸ் மனிதர்) என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நியூயார்க் திரும்பியதும் பிராட்வேயில் காகித மழையோடு ஊர்வலம்.

ஒரே வருடத்தில் நான்கும் ஏன் வெல்லவில்லை என்று கேட்பவர்களுக்கு: பிஜிஏ சாம்பியன்ஷிப் ஜூலை 7இல் முடிந்தது, கார்னூஸ்டி தகுதிச் சுற்று 6, 7. இரண்டையும் ஆடவே முடியாது. தேதி ஒத்துவந்திருந்தாலும் அவர் போயிருப்பாரா என்பது சந்தேகம். அன்றைய பிஜிஏ மேட்ச் பிளே (இருவர் இருவராகக் குழிக்குக் குழி மோதுவது), நாளுக்கு 36 குழி என்று நாள்கணக்கில் இழுக்கும். விபத்துக்குப் பிறகு பல வருடம் அவர் அந்தப் போட்டிப் பக்கமே போகவில்லை.


மணல்குழி:

பார்த்தீர்களா, மறுபடி கால்.


கேடிப்பையன்:

பார்த்தேன். அதனால்தான் விபத்து அவரை ஆளாக்கியது என்பதைவிட, அவரிடமிருந்து என்னவெல்லாம் பிடுங்கியது என்று பேசுவது பொருத்தம் என்கிறேன். பிஜிஏவைப் பிடுங்கியது. 36, 37 வயதில், உச்சத்தில் இருந்தபோது, ஊர் ஊராக ஆடுவதைப் பிடுங்கியது. மிச்சம் இருந்ததை வைத்து ஆறு மேஜர்.


பார் எழுபது:

1953க்குப் பிறகு ஒன்றுமே இல்லாதது போல முடித்துவிடாதீர்கள். எனக்கு அதற்கு அடுத்த ஹோகனைத்தான் பிடிக்கும்.

1955 அமெரிக்க ஓப்பன், ஒலிம்பிக் கிளப் மைதானம். ஹோகன் முடித்துவிட்டார், ஐந்தாவது ஓப்பன் (மூன்று பட் கணக்கில் ஆறாவது) என்று தொலைக்காட்சியில் ஜீன் சராசன் வாழ்த்தே சொல்லிவிட்டார். மைதானத்தில் பாக்கி இருந்தவர் ஜாக் ஃப்ளெக், அயோவாவில் ஒரு பொது மைதானத்தில் வேலை பார்த்தவர். கடைசிக் குழியில் பேர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு) எடுத்து சமன் செய்தார். மறுநாள் பிளேஆஃப், 69க்கு 72, ஃப்ளெக் வென்றார். 18ஆவது டீயில் ஹோகனின் கால் வழுக்கிப் பந்து ஆழமான ரஃப்பில் (வெட்டாத புல்) போனது. ஃப்ளெக் கையில் இருந்தவை ஹோகன் நிறுவன மட்டைகள்! அப்போதுதான் தொடங்கிய நிறுவனம். முதல் தொகுதி சரியில்லை என்று மொத்தத்தையும் விற்காமல் ஒதுக்கியவர் ஹோகன். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மட்டை அவரையே தோற்கடித்தது.

1960 அமெரிக்க ஓப்பன், செர்ரி ஹில்ஸ். 47 வயது. கடைசி நாள் 36 குழியும் ஜாக் நிக்லாஸ் என்ற இருபது வயது அமெச்சூரோடு ஆடினார். அன்று வரிசையாக 34 கிரீன்களைச் சரியான அடியில் பிடித்தார். 17ஆவது குழியில் தண்ணீரை ஒட்டி வைத்திருந்த கொடிக்கு அடித்த பந்து பின்னால் உருண்டு தண்ணீரில் இறங்கியது. ஆர்னால்ட் பால்மர் வென்றார். ஒரே மாலையில் மூன்று தலைமுறை.

34 கிரீன் பிடித்தவர் ஏன் பத்து அடி முன்னால் இல்லை? பட். அதற்குள் பந்தின் முன் நின்றால் கை பின்னால் எடுக்க மறுத்தது. 1967 மாஸ்டர்ஸில் 54 வயதில் பின் ஒன்பது குழிகளை 30இல் முடித்து 66 அடித்த ஒருநாள் மட்டும் பட்டரும் கேட்டது.


புதுக்கிரிப்:

அவர் ஸ்விங்கை முழு ஆட்டமாகப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.


பார் எழுபது:

இருக்கிறது. 1964இல் ஹூஸ்டனில் தொலைக்காட்சிக்காக ஸ்னீடோடு ஆடிய ஆட்டத்தைத் தேடுங்கள். ஹோகன் 69, ஸ்னீட் 72. ஐம்பதைத் தாண்டியவர் 18 கிரீனையும் பிடிப்பதைப் பார்க்கலாம். டீயிலிருந்து கிரீன் வரை கண் எடுக்காமல் பாருங்கள். பட் வந்ததும் போய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம், அவர் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார்.


மூன்று பட்:

அது எனக்குப் பாடம் நடத்தக்கூடிய ஒரே பகுதி ஆயிற்றே.


மணல்குழி:

கேடிப்பையன், 1927இல் அந்த ஒரு அடியில் ஹோகனைத் தோற்கடித்தவருக்கு ஒரு இழை போடுங்கள். 34 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பண்ணை வாங்கப் போன மனிதர், அவரைப் பற்றியும் நமக்குள் சண்டை இருக்கிறது. ஹேல் அமெரிக்கா விஷயத்தில் நான் இறங்கி வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நாலுதான்.


மூன்று பட்:

ஐந்து.